மூடிக்கிடக்குற தேயிலை பெக்டரிய மாணவர் விடுதியா மாத்துறது எப்பிடி? முதல் தடவை இறங்குறவங்களுக்கு

ஹட்டன் பக்கமோ பதுளை பக்கமோ பஸ்ல போறப்ப ஜன்னலால எட்டிப் பார்த்தாலே தெரியும், ஓடாம நிக்குற தேயிலை பெக்டரி எத்தனைன்னு. ரெண்டு மூணு தோட்டத்து கொழுந்த ஒரே பெக்டரிக்கு லொறியில ஏத்தி அனுப்புறதுதான் லாபம்னு கம்பெனிகள் முடிவு பண்ணின பிறகு மத்ததுக்கெல்லாம் பூட்டு, அதோட சேர்ந்து சுத்தி இருந்த பட்டறை, லொறி ஷெட், டீக்கடை எல்லாமே படுத்துடுச்சு. இன்னொரு பக்கம் கெம்பஸ், டெக்னிக்கல் கொலேஜ், கல்வியியற் கல்லூரின்னு இடம் கிடைச்சு வர்ற புள்ளைங்க தங்குறதுக்கு போடிங் தேடி அலையுறாங்க, ஒரே ரூம்ல நாலஞ்சு பேர அடைச்சு ஆளுக்கு தனித்தனியா காசு வாங்குற வீடுகள்தான் கையில மாட்டுது.

பெக்டரிய வேற வேலைக்கு மாத்துறது புதுசு ஒண்ணும் இல்ல. கந்தப்பொலையில ஹெதர்செட் தோட்டத்து பெக்டரி 1996ல ஹோட்டலா மாறிச்சு, ஹந்தானையில 1925ல கட்டின பெக்டரி இன்னிக்கு தேயிலை மியூசியம். ஆனா ரெண்டும் டூரிஸ்ட் காச நம்பி செஞ்ச வேலை, படிக்கிற புள்ளை குடுக்குற வாடகைக்கு கணக்கு வேற மாதிரி வரும். கையில பெருசா காசு இல்லாம, இப்பிடி ஒண்ணு செய்யலாமான்னு பேச ஆரம்பிச்சிருக்குற நலன்புரி சங்கம், கூட்டுறவு, ஊர் இளைஞர்கள், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஒரு விஷயத்த முதல்லயே மனசுல வச்சுக்கங்க, பின்னால வர்ற எல்லா முடிவும் இதுல இருந்துதான் வருது. தேயிலை பெக்டரிங்கிறது பச்சைக் கொழுந்துல உள்ள ஈரத்த எடுக்கக் கட்டினது. காத்து நல்லா அடிக்குற மேடா பார்த்து நிறுத்தி, ரெண்டு பக்கமும் வரிசையா ஜன்னல் வச்சு, மேல் மாடிகள குறுக்குச் சுவரே இல்லாம வெட்டவெளியா விட்டிருப்பாங்க. வெளிச்சம் இலவசம், காத்து இலவசம், குளிரும் இலவசம். அதனால உங்க வேலை பாதி என்னன்னா ஈரம் வெளிய போற அந்த குணத்த கெடுக்காம, சூடு வெளிய போறத மட்டும் நிறுத்துறது.

முதல்ல காணி யாரோடதுன்னு பாருங்க

கட்டிடம் கம்பெனியோடதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பெரிய தோட்டங்கள்ல அது சரியில்ல. 1970கள்ல அரசாங்கம் எடுத்த தோட்டங்கள 1992ல பிராந்திய கம்பெனிகளுக்கு குத்தகைக்கு குடுத்தாங்க, அந்த குத்தகை 53 வருஷம், அதாவது 2045ல முடியுது. காணி இன்னும் அரசாங்கத்தோடதுதான். அதனால தோட்டத்து தொரை (மெனேஜர்) தலையாட்டிட்டாருன்னு வேலைய தொடங்காதீங்க, உப குத்தகை எழுத்துல வேணும், அதுக்கு மேலிடத்து அனுமதியும் வேணும். இன்னொண்ணு, 2045க்கு அப்புறம் என்ன ஆகும்னு யாரும் கையெழுத்து போட்டு தர மாட்டாங்க, அதனால 30 வருஷத்துல திரும்புற மாதிரி செலவு கணக்கு போட்டா அது கனவு, 15 வருஷத்துக்குள்ள முடியுற மாதிரி போடுங்க. தனியார் பெக்டரின்னா உறுதிய ஒரு வக்கீல்கிட்ட காட்டினா போதும், வேலை லேசு.

அப்புறம் மலைய பாருங்க, கட்டிடத்த இன்னும் பார்க்காதீங்க

இந்த இடத்துல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில தோட்டத்து ஆளுங்க இருந்த வரிசை வீடு, லயமே மண்ணுக்குள்ள போச்சு, அது முன்கூட்டியே ஆபத்தான இடம்னு சொல்லப்பட்ட இடம். 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்தப்ப கண்டி, நுவரெலியா, பதுளைன்னு எத்தனை இடத்துல மலை இறங்கிச்சுன்னு உங்களுக்கே தெரியும். நூறு வருஷமா நிக்குற பெக்டரிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நூறு வருஷம் அதுல ராத்திரியில மெஷின்தான் இருந்துச்சு, கூட ஷிப்டுக்கு கொஞ்சம் ஆளுங்க. இப்ப நீங்க அறுபது எழுபது புள்ளைங்கள தூங்க வைக்கப் போறீங்க.

மண்சரிவு அபாய மாவட்டங்கள்ல கட்டிட வேலைக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கை வேணும், பிரதேச சபையில பிளேன் குடுக்குறப்பவே கேப்பாங்க. அத கடைசியா எடுக்குற பேப்பரா நினைக்காதீங்க, ஒரு ரூபா செலவு பண்ண முன்னாடி எடுங்க. அவங்க வேணாம்னு சொன்னா அந்த பெக்டரிய விட்டுட்டு அடுத்தத பாருங்க, பேரம் பேசக்கூடாத ஒரே இடம் இதுதான்.

அறிக்கை வர்ற வரைக்கும் நீங்களும் ஒரு சுத்து நடந்து பாருங்க, நல்ல மழை பெஞ்ச மறுநாள் போறதுதான் சரி. பெக்டரிக்கு மேல உள்ள மலையில மரங்கள் ஒரே பக்கமா சாஞ்சிருக்கா, தரையில புதுசா வெடிப்பு ஓடுதா, முன்னாடி இல்லாத ஊத்து எங்கயாவது கிளம்பியிருக்கா, மலை ஊத்துல இருந்து வழக்கமா தெளிவா வர்ற பீலித் தண்ணி கலங்கி வருதா, பெக்டரி கதவு ஒரு பக்கம் இறுகி திறக்க கஷ்டமா இருக்கா. பிறகு கான் எல்லாம், அதாவது மழைத்தண்ணி வடிய வெட்டின வாய்க்கால பாருங்க. தோட்டம் ஒழுங்கா ஓடின காலத்துல மலைக்கு குறுக்க வெட்டின கான் வருஷா வருஷம் துப்பரவா இருந்துச்சு, பெக்டரி மூடினதும் முதல்ல கைவிட்டது அதத்தான். மண் அடைச்ச கான் தண்ணிய கொண்டு போகாது, அங்கயே நிக்க வச்சு மலைக்குள்ள இறக்கும். கட்டிடத்துக்கு மேல் பக்கம் இருக்குற கான்கள வெட்டித் திறக்குறதுதான் உங்க திட்டத்துல முதல் கூலி வேலை. பெயின்ட் அடிக்குறது எல்லாம் அப்புறம்.

மழைய அளக்குறதும் லேசு. வாயும் அடியும் ஒரே அகலமா உள்ள ஒரு டின்ன வெட்டவெளியில வச்சு அடிமட்டத்தால ஆழத்த பார்த்தா அதுதான் மில்லிமீட்டர் கணக்கு. 24 மணித்தியாலத்துல 75 தாண்டினா கவனம், 100 தாண்டினா வெளியேற தயாரா இருக்கணும், 150 தாண்டினா இல்லாட்டி ஒரே மணித்தியாலத்துல 75 விழுந்தா எல்லாரும் வெளிய. இத வார்டன் ரூம்ல எழுதி ஒட்டுங்க, எங்க போய் கூடுறதுங்கிறதையும் சேர்த்து.

கட்டிடத்த தட்டிப் பாருங்க

சார்டர்ட் எஞ்சினியர் ஒருத்தர் கண்டிப்பா வரணும், அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு சுத்தியலும் டோர்ச்சும் எடுத்துட்டு போங்க. இரும்புத் தூண் தரையோட சேருற இடம்தான் முக்கியம், மேல எல்லாம் பளபளன்னு இருக்கும், அடியில ஆறு அங்குலம் மட்டும் துரு தின்னிருக்கும், தட்டினா தகடு தகடா உதிரும். மேல் மாடி பலகைய குத்தூசியால குத்துங்க, கூரை ஒழுகின இடத்துக்கு நேர் கீழ உள்ள பலகை மெத்துன்னு உள்ள இறங்கும். இன்ஜினும் ரோலரும் நின்ன இடத்துல தரை வருஷக்கணக்கா எண்ணெய் குடிச்சிருக்கும், அதுக்கு மேல டைல் ஒட்டினா நிக்காது, வாசமும் போகாது, மேல் படைய கொத்தி எடுத்துட்டு புதுசா கொங்கிரீட் போடுறதுதான் வழி. உத்தரத்துக்கு மேல விரல் தடிப்புக்கு தேயிலைத் தூசு இருக்கும், லேசா நெருப்பு பிடிக்குற சாமான், வயரிங் வேலை தொடங்க முன்னாடி எல்லாத்தையும் இறக்கிடுங்க. புல்லுக்கு அடிக்குற மருந்து வச்சிருந்த ஸ்டோர் எதுன்னு பழைய ஆளுங்ககிட்ட கேட்டுக்கங்க, அந்த ரூம்ல யாரையும் படுக்க வைக்காதீங்க. அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தா வெட்டுறது, துளைக்குறது, உடைக்குறது வேணாம், கழட்டியே ஆகணும்னா நனைச்சு முழுசா கழட்டணும். குளவிக்கூடு? அது இல்லாத பெக்டரி அபூர்வம். பொகை போட தெரிஞ்ச ஆள் தோட்டத்துல இருப்பாரு, அவர கூப்பிடுங்க, பொடியன்மார் ஏறி கல்லெறிய வேணாம்.

வாடகையில இருந்து திரும்பி எண்ணுங்க

பொதுவா எல்லாரும் கட்டி முடிச்சுட்டு வாடகைய முடிவு பண்ணுவாங்க. நீங்க தலைகீழா செய்யுங்க. கெம்பஸ் புள்ளைங்களுக்கு மாசாமாசம் கிடைக்குற மகாபொல உதவிப்பணம் 2025 பட்ஜெட்ல 5,000 ரூபாயில இருந்து 7,500க்கு ஏறிச்சு, தோட்டத்து நாள் சம்பளம் 2024 செப்டம்பர்ல அடிப்படை 1,350னு வந்துச்சு. ஒரு அம்மா 10,000 ரூபா போடிங் காசு அனுப்பணும்னா அந்தச் சம்பளத்துல ஏழு நாளுக்கு மேல மலை ஏறி கொழுந்து எடுக்கணும், சாப்பாடு பஸ் எல்லாம் தனி. வாடகைய பேசுறப்ப இந்த நாள் கணக்குல பேசுங்க, மீட்டிங்ல எல்லாருக்கும் உடனே விளங்கும்.

உதாரணத்துக்கு, 40 பேர், ஆளுக்கு 7,000, வருஷத்துல 10 மாசம். மாசம் 2,80,000 வரும், அதுல கரண்ட், ரிப்பேர், வார்டன் சம்பளம், துப்பரவுன்னு 40 வீதம் போனா மிச்சம் 1,68,000. பத்து மாசத்துக்கு 16,80,000, பதினைஞ்சு வருஷத்துக்கு 2 கோடி 52 லட்சம். அத 40ஆல பிரிச்சா தலைக்கு 6,30,000. வட்டிக்கு கடன் வாங்கினா இன்னும் குறையும். இந்த தலைக்கணக்குதான் உங்க உச்சி வரம்பு, ஆர்கிடெக்ட் எவ்வளவு அழகான படத்த காட்டினாலும் முதல்ல இந்த நம்பர சொல்லிட்டு உக்காருங்க.

ரூமுக்குள்ள ரூம்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜனவரி பெப்ரவரியில சில ராத்திரி பனி உறைஞ்சு புல்லு வெள்ளையாகும். அந்த உயரத்துல ஒரு முழு மாடிய சூடாக்க நினைக்குறது காச காத்துல விடுறதுதான். மாடிய அப்பிடியே விட்டுட்டு அதுக்குள்ள சின்னச் சின்னதா, தனித்தனி கூரையோட ரூம் செய்யுங்க. ஆள் உடம்புச் சூடும் ஒரு லைட்டும் லெப்டொப்புமே அந்த ரூம ஓரளவுக்கு தாங்க வைக்கும்.

40 அடி அகலம், 100 அடி நீளம் உள்ள ஒரு மாடின்னு வைங்க. ரெண்டு பக்கமும் ஜன்னல் ஓரமா நாலு நாலு அடி விட்டுடுங்க, நம்ம லயத்து இஸ்தோப்பு (வராந்தா) மாதிரி, பகல்ல வெயில் அங்க தங்கும், குளிர்காத்து நேரா ரூமுக்கு வராம அங்கயே அடங்கும், படிக்க உக்காரவும் நல்ல இடம். அதுக்கு உள் பக்கமா ரெண்டு வரிசை ரூம், 12 அடி ஆழம், 10 அடி அகலம். நடுவுல 8 அடி நடைபாதை. ரெண்டு முனையிலயும் படிக்கட்டுக்கு இடம் விட்டா பக்கத்துக்கு எட்டு ரூம் வரும், ரூமுக்கு ரெண்டு பேர்னா மாடிக்கு 32 பேர். ஒவ்வொரு ரூமுக்கும் இஸ்தோப்பு பக்கம் ஜன்னல் வேணும், தரைப் பரப்புல ஏழுல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க, 120 சதுர அடிக்கு 17 சதுர அடி.

அந்த 120 சதுர அடி எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு தெரியும். பத்துக்கு பன்னிரண்டு அடி லயத்து காம்பராவுல (ஒத்தை ரூம்ல) முழுக் குடும்பமா வளர்ந்த சனம் நாம. அதனால ரூமுக்கு நாலு பேர் போட்டா என்னன்னு யாராவது கேப்பாங்க, செலவு பாதியாகும்னு கணக்கும் காட்டுவாங்க. விடாதீங்க, ரெண்டு பேருக்கு மேல போட்டா நீங்க செய்யுறது விடுதி இல்ல, மாடி வச்ச லயம்.

சுவருக்கு செங்கல் வேணாம். நாலரை அங்குல செங்கல் சுவர் பத்தடி நீளம் எட்டடி உயரம்னா ஒண்ணரை டன்னுக்கு கிட்ட நிறை, பலகை மாடி அத தாங்கும்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது. சவுக்கு மரத்துல சட்டம் அடிச்சு, வெளிப்பக்கம் சிமெண்ட் போர்டு, உள்பக்கம் பலகை, நடுவுல தும்பு அடைச்சா நிறையும் குறைவு, சத்தமும் கடக்காது. தும்பு நல்லா காஞ்சிருக்கணும், இல்லாட்டி பூஞ்சணம் ஊருக்கே வாசம் குடுக்கும். ஜிப்சம் போர்டு ஈர மலைக்கு சரிவராது. ரெஜிஃபோம் (வெள்ளை நுரை அட்டை) மலிவு, சூடும் தாங்கும், ஆனா நெருப்பு பட்டா கறுப்புப் பொகை விட்டு எரியும், தூங்குற ரூம்ல வேணவே வேணாம்.

இப்ப கூரை. மழையே இல்லாத ராத்திரியிலயும் தகரக் கூரை சொட்டும், பார்த்திருப்பீங்க. உள்ள தூங்குறவங்க விடுற மூச்சு ஈரமா மேல போய், வெளிக்குளிர்ல ஜில்லுன்னு ஆன தகரத்துல பட்டு தண்ணியாகி, நாலு மணி போல ஒவ்வொரு சொட்டா கட்டில்ல விழும். கூரை ஒழுகுதுன்னு நினைச்சு எத்தனை பேர் நல்ல தகரத்த மாத்தியிருக்காங்க. மருந்து ரெண்டுதான். எட்டடியில ரூமுக்கு சீலிங், சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவுல காத்து ஓடுற இடைவெளி. பெக்டரிக் கூரை உச்சியில காத்து போக விட்டிருக்குற வழிய குளிருதுன்னு சொல்லி அடைச்சுடாதீங்க, அதுதான் கட்டிடத்தையே காப்பாத்திட்டு இருக்குறது.

தண்ணி வர்றதும் போறதும்

பாத்ரூம், கக்கூஸ் எதையும் பலகை மாடிக்கு மேல கொண்டு போகாதீங்க. கட்டிடத்தோட ஒரு முனையில ஒட்டினாப்புல தனியா கொங்கிரீட்ல ஒரு கோபுரம் மாதிரி எழுப்பி மாடிக்கு மாடி பாத்ரூம் அங்க வைங்க, பைப் ஒழுகினாலும் பலகை தப்பும், ரிப்பேரும் ஒரே இடத்துல.

ஆளுக்கு நாளைக்கு 100 லீட்டர்னா 40 பேருக்கு 4,000. பீலித் தண்ணி இருக்குன்னு சந்தோஷப்பட முன்னாடி அந்த பீலியில கீழ எந்த லயம் குடிக்குதுன்னு கேளுங்க, அவங்க தண்ணிய இழுத்துட்டு ஹொஸ்டல் நடத்தினா முதல் வரட்சியிலயே சண்டை. கூரைத் தண்ணி இருக்கே. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் விழுந்தா ஒரு லீட்டர், நம்ம 40க்கு 100 அடி கூரை 370 சதுர மீட்டர், சிந்தினது போக பத்து மில்லிமீட்டர் மழைக்கு 3,000 லீட்டர் கிட்ட கிடைக்கும். கழுவ, கக்கூஸுக்கு ஊத்த இது தாராளம்.

வெளிய போற தண்ணிதான் தலைவலி. அந்த 4,000 லீட்டரும் தினம் தினம் உங்க சரிவுக்குள்ள இறங்கினா மழையே இல்லாம நீங்களே மலைய ஊற வைக்குறீங்க. உறிஞ்சு குழிய சரிவோட விளிம்புல தோண்டாதீங்க, எங்க போடலாம்னு மண்சரிவு அறிக்கை எழுதினவங்ககிட்டயே கேளுங்க, கிணறு ஊத்துல இருந்து அம்பது அடிக்கு குறையாம தள்ளியும் இருக்கணும். குளிக்குற, கழுவுற தண்ணிய தனியா பிரிச்சு, அடியில தண்ணி இறங்காத ஒரு சரளைப் பாத்தியில விட்டு, அதுல கல்வாழை நட்டா நிறையத் தண்ணிய செடியே குடிச்சு காத்துல விட்டுடும், மிச்சத்த பைப்ல ஓடைக்கு கொண்டு போகலாம், பொது சுகாதார பரிசோதகர் பீஎச்ஐகிட்ட முதல்லயே காட்டிடுங்க.

கரண்ட், நெருப்பு, துணி

அந்தக் காலத்துல நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சொந்தமா டர்பைன் வச்சு பெக்டரி ஓட்டிச்சு. உங்க பெக்டரிக்கு பின்னால பழைய இரும்பு பைப் மலையில இருந்து இறங்குதான்னு தேடுங்க. ஓடையில தண்ணிய 20 லீட்டர் வாளியில பிடிங்க, ரெண்டு செக்கன்ல நிறைஞ்சா செக்கனுக்கு 10 லீட்டர், விழுற உயரம் 30 மீட்டர்னா 10, 30, 5 மூணையும் பெருக்குங்க, 1,500 வொட். சின்னதா தெரியும், ஆனா ராப்பகலா ஓடினா நாளைக்கு 36 யூனிட், லைட்டுக்கும் லெப்டொப்புக்கும் போதும். வாளிக் கணக்க பெப்ரவரி மார்ச்ல எடுங்க, மழைக்காலத்துல எடுத்தா ஓடை பொய் சொல்லும். சோலர் கண்டி பக்கம் நல்லா போகும், மிஸ்ட் மூடுற மேல் ஊர்ல அத மட்டும் நம்ப வேணாம். சுடுதண்ணிய கரண்ட்ல போட்டா பில் உங்கள முழுங்கிடும், டிரையர் நின்ன இடத்துல ஒரு விறகு பொயிலர் வச்சு கவ்வாத்து குச்சி போட்டு காலையில ரெண்டு மணித்தியாலம் எரிச்சா முடிஞ்சது.

சமையல் கீழ் மாடியில மட்டும், கேஸ் சிலிண்டர் சுவருக்கு வெளிய. 2021 கடைசியில வீடு வீடா கேஸ் வெடிச்ச காலம் யாருக்கும் மறந்திருக்காது. ரெண்டு முனையிலயும் ரெண்டு படிக்கட்டு கட்டாயம், ஒண்ணாவது இரும்புல வெளிப்பக்கம், அந்தக் கதவுக்கு வெளிய பூட்டு போடக்கூடாது, பொம்பளைப் புள்ளைங்க ஹொஸ்டல்னாலும் போடக்கூடாது.

துணி காயுறது சின்ன விஷயமா படும், மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் ஹட்டன் பக்கம் இருந்தவங்கள கேளுங்க. ஈரத்துணிய ரூமுக்குள்ள தொங்கவிட்டா மேல சொன்ன அத்தனை வேலையும் வீண், சுவர் கறுக்கும், புள்ளைங்க இருமும். மேல் மாடியில கொழுந்து வாட்டுற தொட்டி ஒண்ண கழட்டாம வைங்க. கம்பி வலைக்கு கீழ இருந்து காத்து வரும், அதுக்கு மேல கொடி கட்டினா துணி காயும், பழைய பெரிய மோட்டார கழட்டிட்டு சின்னது ஒண்ணு மாட்டினா போதும்.

சுத்தி உள்ள சனம்

பெக்டரியில வேலை போனவங்க பக்கத்து லயத்துலதான் இருக்காங்க. எந்த வால்வு எங்க போகுது, எந்த மூலையில தண்ணி நிக்கும்னு பிளேன விட அவங்களுக்கு தெரியும், பழைய பிட்டர் ஒருத்தர சம்பளத்துக்கு எடுத்தா பாதி எஞ்சினியர். சமையல், துப்பரவு, காவல் எல்லாம் அங்க இருந்தே எடுங்க. பஸ் ரோட்டுல இருந்து பெக்டரி வரைக்கும் லைட் போடுறப்ப லயத்து பாதைக்கும் ரெண்டு சேர்த்து போடுங்க, சிறுத்தை நடமாடுற பக்கம்னா அவங்களுக்கும் அது தேவை.

எல்லா மாடியையும் ஒரேயடியா திறக்காதீங்க. ஒரு மாடியில நாலஞ்சு ரூம் மட்டும் முடிச்சு, மழைக்காலம் தொடங்குறப்ப எட்டுப் பத்து பேர இருக்க விட்டு, எது ஒழுகுது, எது குளிருது, கரண்ட் எவ்வளவு வருதுன்னு ஒரு பருவம் முழுக்க எழுதி வைங்க. மிச்ச ரூமுக்கு மரம் வாங்குறது அந்த கொப்பிய பார்த்த பிறகு. கான் துப்பரவுக்கு மாசாமாசம் யார் பொறுப்பு, கூலி எந்தக் கணக்குல இருந்து போகும்ங்கிறத மட்டும் முதல் ஆள் குடி வர முன்னாடியே ஒப்பந்தத்துல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.